டிவியில் படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? புது பாக்ஸ் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்காக வீட்டுக்கு இண்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள்? டிவியின் பின்னால் ஒரு சின்ன பாக்ஸைச் செருகி, அதே இண்டர்நெட்டை டிவிக்கும் கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்ட் டிவி பாக்ஸ், ஃபயர் டிவி ஸ்டிக் என்று பல பெயர்களில் இவை கிடைக்கின்றன. முதல் வாரம் வீடே திருவிழாதான். அதன் பிறகு ஒரு நாள் படம் நின்று நின்று வரும். இன்னொரு நாள் பேச்சு முன்னால் போகும், வாய் பின்னால் அசையும்.

கடைக்காரரிடம் கேட்டால், "பாக்ஸ் பழசு, புதுசு வாங்கிக்கோங்க" என்பார். இண்டர்நெட் கொடுத்தவரைக் கேட்டால், "பெரிய பிளான் போட்டுக்கோங்க" என்பார். இருவர் சொல்வதும் சில சமயம் சரியாக இருக்கலாம். ஆனால் இருவருமே உங்கள் வீட்டுக்கு வந்து படம் எப்படித் திக்குகிறது என்று பார்த்தவர்கள் இல்லை. அதைப் பார்க்காமல் சொல்லும் யோசனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சென்ற மாதம் ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம், பழனி செல்லும் சாலையில் உள்ள ஊர். திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. இஸ்ரேல் தொழில்நுட்பத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இங்கே இருப்பதால் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். சித்தப்பாவும் தக்காளி, கத்தரி போடுகிறவர்தான். அவருடைய இளைய மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். தினமும் திண்டுக்கல் போய் வர முடியாது என்பதால் வீட்டிலேயே வீடியோ வகுப்பு. இரவு 7 மணி முதல் 9 மணி வரை நேரலை.

நேரலை என்பதுதான் சிக்கல். ஆசிரியர் போர்டில் கணக்குப் போடுகிறார். நடுவில் வட்டம் சுற்றுகிறது. மறுபடி படம் வரும்போது விடை எழுதி முடித்திருக்கிறார். "ரெண்டு வாரமா இப்படித்தான் அண்ணே, பாதிக் கணக்கு போனையே பார்த்து எழுதுறேன்" என்றாள் தங்கச்சி. சித்தப்பா தக்காளி விற்ற காசில் 4,500 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "நீ வந்தது நல்லதாப் போச்சுய்யா. நாளைக்குத் திண்டுக்கல் போய் நீயே பார்த்து நல்ல பாக்ஸா வாங்கிக் குடு."

ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

மூன்று விதமான திக்கல்

அந்த ஒரே டிவியில், ஒரே பாக்ஸில் மூன்று வீடியோக்களைப் பார்த்தேன். மூன்றும் திக்கின. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி திக்கவில்லை.

முதலாவது, தங்கச்சியின் வகுப்பு. படமும் ஒலியும் சேர்ந்தே நின்றன. வட்டம் சுற்றியது. பிறகு இரண்டும் சேர்ந்தே கிளம்பின. இது தகவல் வந்து சேராததால் வரும் கோளாறு. அதாவது இண்டர்நெட் அல்லது வைஃபை பக்கம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மூத்த மகளின் கல்யாண வீடியோ. ஸ்டூடியோக்காரர் பென் டிரைவில் கொடுத்தது. நாதஸ்வரம் தடையில்லாமல் கேட்கிறது, படம் மட்டும் போட்டோ ஆல்பம் புரட்டுவது போல விட்டுவிட்டு வருகிறது. இதற்கு இண்டர்நெட்டே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கே பெரிய பிளான் போட்டு என்ன பயன்? இது பாக்ஸால் வீடியோவைப் பிரித்துக் காட்ட முடியாத கோளாறு.

மூன்றாவது, ஒரு பழைய சினிமா. எங்கும் நிற்கவில்லை. ஒலியும் சரி. ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் சீரான இடைவெளியில் ஒரு சின்ன உதறல். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சித்தப்பா கவனித்திருந்தார். இது கோளாறு என்பதைவிட ஒரு கணக்குப் பிழை. கடைசியில் வருகிறேன்.

எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால் யூடியூப்பிலேயே ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடும் வீடியோவின் மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று இருக்கும். டிவி பாக்ஸில் வீடியோ ஓடும்போது செட்டிங்ஸ் சக்கரத்துக்குள் போனால் இதே வசதி கிடைக்கும். திரையின் மூலையில் கறுப்புக் கட்டத்தில் எண்கள் ஓடும். மிரள வேண்டாம். இரண்டை மட்டும் பாருங்கள்.

'பஃபர் ஹெல்த்' என்பது இன்னும் எத்தனை வினாடிக்கான படம் முன்கூட்டியே கையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். சாதாரண வீடியோவில் இது 20, 30 என்று இருந்தால் நல்லது. குறைந்து குறைந்து பூஜ்யத்தைத் தொடும்போது படம் நின்றால் குற்றவாளி இண்டர்நெட் பக்கம்தான். நேரலையில் முன்கூட்டியே சேமிக்க வழியில்லை என்பதால் இந்த எண் எப்போதும் சிறியதாகவே இருக்கும். அதனால்தான் சினிமா ஓடும் வீட்டில்கூட நேரலை வகுப்பு நிற்கிறது.

இன்னொன்று 'டிராப்ட் ஃபிரேம்ஸ்'. காட்ட முடியாமல் கைவிட்ட படங்களின் எண்ணிக்கை. பஃபர் நிறைய இருந்தும் இந்த எண் நொடிக்கு நொடி ஏறினால், தகவல் வந்துவிட்டது, பாக்ஸால்தான் முடியவில்லை என்று அர்த்தம்.

பீரோவுக்குப் பின்னால் ஒளிந்த வைஃபை

தங்கச்சியின் வகுப்பில் பஃபர் பூஜ்யமாகிக் கொண்டிருந்தது. சித்தப்பா வீட்டு பிளான் 40 எம்பிபிஎஸ். 'எம்பிபிஎஸ்' என்பது நொடிக்கு எத்தனை மெகா பிட் என்ற கணக்கு. நாம் பைல் அளவைச் சொல்லும் மெகா பைட் அல்ல. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 5 மெகா பைட் டவுன்லோட் ஆகும். "நாப்பதுன்னு சொல்லிட்டு அஞ்சுதான் குடுக்குறான்" என்று சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வையுங்கள்.

வீடியோவுக்கு எவ்வளவு வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் அளவு இது: 720 வரி ஹெச்டி படத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080 வரி ஃபுல் ஹெச்டிக்கு 5, 4கே படத்துக்கு 15. எனவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு வகுப்பு ஓடாமல் இருக்க நியாயமே இல்லை. பிளானை உயர்த்தத் தேவையே இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். மறு ஆண்டு பிஎஸ்என்எல் 'டேட்டா ஒன்' வந்தபோது வீடியோவை பாஸ் செய்துவிட்டு டீ குடித்து வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. 2013இல் குறைந்தபட்ச அளவு 512 கேபிபிஎஸ் ஆனது. 2023இல்தான் அது 2 எம்பிபிஎஸ் ஆக உயர்ந்தது. கவனித்தீர்களா? மேலே சொன்ன 3 எம்பிபிஎஸ்ஸை விட இதுவும் குறைவு. 'பிராட்பேண்ட்' என்ற பெயரை மட்டும் நம்பி டிவியில் ஹெச்டி படம் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. பிளானில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

போனில் பிரவுசரைத் திறந்து ஃபாஸ்ட் டாட் காம் என்ற வெப்சைட்டுக்குப் போனேன். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் இலவச வேகமானி இது. எந்தப் பட்டனையும் தட்ட வேண்டாம், தானே அளந்து சொல்லும். வாசல் அறையில், ரவுட்டர் பக்கத்தில் நின்றபோது 38. நடு அறையில் டிவி முன்னால் நின்றபோது 2. அதே வீடு, அதே போன், அதே நேரம்.

இரண்டு இடத்துக்கும் நடுவில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு சுவர், அதை ஒட்டி ஆள் உயர இரும்பு பீரோ, அதன் கதவில் முழு நீளக் கண்ணாடி, பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம். இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் வைஃபை அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதைக் குடித்துவிடும். வைஃபையை மறைக்கவே யாரோ திட்டமிட்டு அடுக்கி வைத்தது போல இருந்தது.

நீங்களும் இந்த இரண்டு இடச் சோதனையைச் செய்யுங்கள். ரவுட்டர் பக்கத்தில் வேகம் சரி, டிவி பக்கத்தில் குறைவு என்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் பக்கத்திலேயே குறைவு என்றால் கம்ப்யூட்டரை லேன் கேபிள் மூலம் ரவுட்டரில் நேரடியாக இணைத்து, காலை 6 மணிக்கு ஒரு முறை, இரவு 8 மணிக்கு ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். காலையில் 38, இரவில் 4 என்றால் இண்டர்நெட் கொடுப்பவரிடம் தைரியமாகப் புகார் செய்யலாம். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் "ரவுட்டரை ஆஃப் செஞ்சு ஆன் செய்யுங்க" என்பார்கள். தேதி, நேரம், கேபிளில் அளந்த எண் மூன்றையும் சொன்னால் ஆள் வருவார்.

வீட்டுக்குள் கோளாறு என்றால் முதலில் ரவுட்டரை இடம் மாற்றுங்கள். வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்கட்டும். அடுத்து, உங்கள் ரவுட்டர் இரண்டு அலைவரிசை உள்ளதா என்று பாருங்கள். 2.4 கிகா ஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், ஆனால் கூட்டம் அதிகம். பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே பாதையில்தான். 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் என்றால் 5. வேறு வழியில்லாமல் 2.4இல் இருக்க வேண்டும் என்றால் ரவுட்டர் செட்டிங்கில் சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைவானதைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்று மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை.

பாக்ஸின் பின்புறம் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த வகை இணைப்புகளில் இருந்து கசியும் மின் இரைச்சல் 2.4 கிகா ஹெர்ட்ஸைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், டிவி இருக்கும் இடத்தை விட்டு அசையாது. அசையாத பொருளுக்கு எதற்கு வைஃபை? சித்தப்பா வீட்டு பாக்ஸின் பின்னால் லேன் துளை இருந்தது. ஆறு மாதமாக யாரும் பார்க்கவில்லை. 20 மீட்டர் கேபிள், இரண்டு முனைக்கும் பிளக், சுவரோரம் ஒட்ட கேசிங் பட்டை எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. கேசிங்கை மிச்சம் பிடிக்காதீர்கள். கிராமத்து வீட்டில் எலிக்குக் கேபிள் என்றால் அவ்வளவு பிரியம்.

கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரும் வைஃபையில், பாக்ஸும் வைஃபையில் என்றால் ஒரே படம் கம்ப்யூட்டரில் இருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரில் இருந்து பாக்ஸுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை காற்றில் பயணம் செய்கிறது. பாதி வேகம் அங்கேயே போயிற்று. இரண்டில் ஒன்றையாவது கேபிளில் போடுங்கள்.

கல்யாண வீடியோவின் கதை

ஃபுல் ஹெச்டி படம் ஒன்றில் 1920க்கு 1080 என்ற கணக்கில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட் நிறம். நொடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு சுமார் 124 கோடி பிட் வரும். நம் வீட்டுக்கு வருவதோ 50 லட்சம் பிட் அளவுதான். அதாவது கிட்டத்தட்ட 250 மடங்கு சுருக்கி அனுப்புகிறார்கள். இந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஹெச்.264 என்பது 2003இல் வந்தது, ஹெச்.265 2013இல், ஏவி1 2018இல். புதியது அதிகமாகச் சுருக்கும், பிரிக்க அதிக உழைப்பு கேட்கும்.

டிவி பாக்ஸுக்குள் இருக்கும் பிராசசர் பெரிய பலசாலி அல்ல. வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனியாக ஒரு பகுதி அதன் சில்லுக்குள் இருக்கிறது. அந்தப் பகுதிக்குத் தெரிந்த கோடெக் வந்தால் படம் வெண்ணெய் போல ஓடும். தெரியாதது வந்தால் திண்டாட்டம்தான். அட்டைப்பெட்டியில் '4கே' என்று போட்டிருப்பதும் முழு உண்மை அல்ல. பல சில்லுகள் ஹெச்.265 முறையில் 4கே படத்தை நொடிக்கு 60 வீதம் காட்டும், ஆனால் ஹெச்.264 முறையில் 30 வரைதான் தாங்கும்.

கல்யாண வீடியோ என்ன வகை? பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகி விஎல்சி பிளேயரில் திறந்தேன். கன்ட்ரோல் கீயுடன் ஜே கீயைத் தட்டினால் விவரம் வரும். ஹெச்.264, 3840க்கு 2160, நொடிக்கு 50 படம். விடை கிடைத்துவிட்டது. ஒரு படத்துக்கு பாக்ஸுக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் 50இல் ஒரு பங்கு. அதற்குள் பிரிக்க முடியாமல் ஒன்றை விட்டு ஒன்றைத் தூக்கி எறிகிறது. ஸ்டூடியோக்காரர் மீதும் தவறில்லை. அவர் நல்ல தரத்தில்தான் கொடுத்திருக்கிறார்.

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேர் போதும். டவுன்லோட் செய்து, வீடியோவைத் திறந்து, பிரீசெட் பட்டியலில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியே ஸ்டார்ட் செய்து விடாதீர்கள். 50 படத்தை 30 ஆக்கினால் சீராகக் குறைக்க முடியாது, புதிதாக ஒரு உதறல் வரும். வீடியோ டேபுக்குள் போய் ஃபிரேம் ரேட்டில் 25 என்று வைத்து, 'கான்ஸ்டன்ட்' என்பதை டிக் செய்யுங்கள். 50இல் சரிபாதி 25, ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் போதும். பிறகு ஸ்டார்ட் என்கோட். சித்தப்பா வீட்டில் இரவு போட்டுவிட்டுப் படுத்தோம். விடிந்ததும் தாலி கட்டும் காட்சி தடங்கல் இல்லாமல் ஓடியது. ஸ்டூடியோ கொடுத்த ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கம்ப்யூட்டரிலேயே யூடியூப் திக்குகிறது என்பவர்கள் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். படம் ஓடும்போது சிபியு 100 சதவீதத்தில் நின்றால் இதே கோளாறுதான். பிரவுசர் செட்டிங்கில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று கவனியுங்கள். தரத்தை 1080இல் இருந்து 720க்கு இறக்கினால் உடனே வித்தியாசம் தெரியும்.

சித்தப்பா கண்டுபிடித்த உதறல்

சினிமா நொடிக்கு 24 படம். நம் நாட்டு டிவி நிகழ்ச்சிகள் 25. ஆனால் பாக்ஸ் பெரும்பாலும் டிவிக்கு நொடிக்கு 60 என்ற கணக்கில் அனுப்புகிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைப் படம் காட்ட முடியாதே! அதனால் ஒரு படத்தை 3 தடவை, அடுத்ததை 2 தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. பந்தியில் ஒரு இலைக்கு மூன்று அப்பளம், அடுத்த இலைக்கு இரண்டு என்று வைத்துக் கொண்டே போவது போல. நின்ற காட்சியில் தெரியாது, நகரும் காட்சியில் கண் கண்டுபிடித்துவிடும்.

பாக்ஸின் டிஸ்பிளே செட்டிங்கில் 'மேட்ச் கன்டென்ட் ஃபிரேம் ரேட்' என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். ஃபயர் டிவியில் 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்' என்று இருக்கும். படம் தொடங்கும்போது திரை ஒரு வினாடி கறுத்து வரும், பயப்பட வேண்டாம். அந்த வசதி இல்லாத பாக்ஸில், 25 படக் கல்யாண வீடியோ போடும்போது மட்டும் ரெசல்யூஷனை 1080பி 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றி வைக்கலாம்.

சூடு, கரண்ட் இரண்டையும் பற்றிச் சுருக்கமாக. ஸ்டிக்கை டிவியின் யூஎஸ்பி துளையில் இருந்து இயக்காதீர்கள். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய கரண்ட் 500 மில்லி ஆம்பியர்தான், ஸ்டிக்குடன் வந்த அடாப்டர் அதைவிட அதிகம் தரும். சித்திரை வெயிலில் சுவரோடு ஒட்டிய டிவியின் பின்னால் ஸ்டிக் கொதிக்கும். கொதித்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். கூடவே வரும் சின்ன ஹெச்டிஎம்ஐ நீட்சிக் கேபிளைப் போட்டு வெளியே தொங்கவிட்டால் காற்றும் படும், வைஃபையும் நன்றாகக் கிடைக்கும். நினைவகம் நிரம்பியிருந்தால் வேண்டாத ஆப்களை அழியுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு பாக்ஸ்தான் கோளாறு என்று உறுதியானால் தாராளமாக வாங்குங்கள். பெயரே தெரியாத மலிவு பாக்ஸை மட்டும் தவிர்த்து விடுங்கள். வாங்கும்போதே தீங்கு செய்யும் சாப்ட்வேருடன் வரும் இத்தகைய பாக்ஸ்களைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விடுத்தது. பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர்.

திங்கட்கிழமை இரவு வகுப்பு இரண்டு மணி நேரமும் நிற்காமல் ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன். வியாழக்கிழமை தங்கச்சியிடம் இருந்து போன். "அண்ணே, மறுபடி வட்டம் சுத்துது."

ரவுட்டரில் டிவி கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு மின்னுகிறதா பார் என்றேன். இல்லை. வீடு பெருக்கும்போது கேபிள் இழுபட்டு, பிளக்கின் சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, பார்வைக்குச் செருகியபடியே கழன்றிருந்திருக்கிறது. கேபிள் போனதும் பாக்ஸ் யாரிடமும் சொல்லாமல் பழைய வைஃபைக்கே திரும்பிவிட்டது. பாக்ஸின் செட்டிங்கில் வைஃபையை ஆஃப் செய்து வைக்கச் சொன்னேன். இனி கேபிள் கழன்றால் இண்டர்நெட் இல்லை என்று உடனே சொல்லிவிடும். புது பிளக் 10 ரூபாய். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லோடு ஏற்றிப் போன சித்தப்பா திரும்பும்போது இரண்டாக வாங்கி வந்தாராம்.